எபேனில் வேலை பார்க்கும் தம்பிக்கு: மொரீஷியஸில் எங்கே போவது, என்ன செய்வது

ரோஸ் ஹில்லில் தங்கி, கணினி நிறுவனங்கள் நிறைந்த எபேனில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். திருநெல்வேலிப் பக்கத்துப் பிள்ளை, இங்கே வந்து ஒன்றரை வருஷம் ஆகிறதாம். கடற்கரைகளை எல்லாம் பார்த்து முடித்துவிட்டார். இனி வார இறுதிகளில் தீவின் காடுகளையும் பழைய இடங்களையும் சுற்ற வேண்டும், படம் எடுப்பதோடு நிற்காமல் சுற்றுச்சூழலுக்காகக் குரல் கொடுக்கவும் வேண்டும், எங்கே தொடங்குவது என்று கேட்கிறார்.

தம்பி, நீங்கள் தினமும் போய்வரும் இடத்திலிருந்தே தொடங்குகிறேன். எபேன் என்ற பிரெஞ்சுச் சொல்லுக்குக் கருங்காலி என்று பொருள். 1598-ல் டச்சுக்காரர்கள் இங்கே இறங்கினார்கள். 1638-ல் குடியேறியதும் அவர்கள் வெட்டிக் கப்பலில் ஏற்றிய பெரும் சரக்கு கருங்காலிதான். அடுத்து பிரெஞ்சுக்காரர்கள், அதற்கடுத்து ஆங்கிலேயர்கள் வந்து கரும்புக்காக மீதிக் காட்டையும் அழித்தார்கள். நல்ல நிலையில் இருக்கும் பூர்வீகக் காடு இன்று தீவின் பரப்பில் 2 சதவீதத்துக்கும் குறைவு. உங்கள் அலுவலக முகவரியில் இருப்பது ஒரு காட்டின் பெயர். அந்தக் காடு எங்கே மிச்சம் இருக்கிறது என்று தேடிப் போவதையே முதல் பயணமாக வைத்துக்கொள்ளுங்கள்.

தேடிப் போகும்போது கண் ஏமாறும். களக்காடு, முண்டந்துறை பார்த்து வளர்ந்தவர் நீங்கள். ப்ளேன் ஷாம்பாஞ் வழியாக ஷாமரேலுக்குக் காரில் போனால் இரு பக்கமும் கண் கொள்ளாத பச்சை. ஆனால் அதில் பெரும்பகுதி வெளியிலிருந்து வந்தது. விசிறி போல விரிந்து நிற்கும் ரவெனாலா மடகாஸ்கரைச் சேர்ந்தது. வேறு எதையும் முளைக்க விடாமல் குச்சி குச்சியாக நெருங்கி நிற்பது சீனக் கொய்யா. பெயர்தான் சீனம், அதன் ஊர் பிரேசில். நான் சிறுவனாக இருந்தபோது இதையெல்லாம் காடு என்றுதான் நினைத்திருந்தேன். யாரும் எனக்குச் சொல்லவில்லை. பச்சையாக இருப்பதெல்லாம் காடு என்று நம்புகிற ஊரில் காடு அழிவது யார் கண்ணிலும் படாது. அதனால்தான் முதலில் இதைச் சொல்கிறேன்.

பெத்ரேனுக்குப் போங்கள். 1994-ல் அறிவிக்கப்பட்ட பிளாக் ரிவர் கோர்ஜஸ் தேசியப் பூங்காவின் மேட்டு வாசல் அது. பூங்காவின் பரப்பு 6,500 ஹெக்டேருக்குச் சற்று அதிகம். அங்கே வேலி போட்ட பகுதிகள் இருக்கின்றன. மானும் காட்டுப்பன்றியும் உள்ளே வராமல் தடுத்து, கொய்யாவையும் மற்ற களைகளையும் ஆட்கள் கையால் பிடுங்கிக் காத்துவரும் இடங்கள். வேலிக்கு உள்ளே இருப்பதையும் வெளியே இருப்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உள்ளே உயரம் குறைந்த மரங்கள், பாசி பிடித்த கிளைகள், வாக்குவா என்று இங்கே சொல்லும் தாழை இனங்கள், தரையில் விதவிதமான நாற்றுகள். வெளியே கொய்யா, அதற்குப் பின்னால் மறுபடியும் கொய்யா. அரை மணி நேரம் நின்று பார்த்தால் போதும், அதற்குப் பிறகு தீவில் எங்கே போனாலும் உங்கள் கண் தானாகவே பிரித்துப் பார்க்கும்.

கொய்யாப்பழம் பற்றி ஒரு வார்த்தை. குளிர்காலம் நெருங்கும்போது சிவப்புக் கொய்யா பறிக்கக் குடும்பம் குடும்பமாக ப்ளேன் ஷாம்பாஞ் போவார்கள். உப்பும் மிளகாயும் தொட்டுச் சாப்பிடுவோம். என் பேத்திகளோடு நானும் போகிறேன். இதைத் தப்பென்று யாரையும் திட்டிவிடாதீர்கள். பழம் பறிக்க வந்தவர்களிடம்தான் அந்தச் செடி காட்டை என்ன செய்கிறது என்பதைச் சொல்ல முடியும், அவர்கள் அந்த இடத்தை நேசிப்பதால்தான் அங்கே வருகிறார்கள். தின்று எஞ்சிய பழத்தைக் காட்டுக்குள் எறியாதீர்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்தப் பள்ளத்தாக்குகளில் பறக்கும் சிறிய வல்லூறின் கதையை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 1974-ல் காட்டில் இருந்ததாகத் தெரிந்தவை நான்கே நான்கு. காடு போனது ஒரு காரணம். குரங்கும் பூனையும், எலியை ஒழிக்கக் கொண்டுவந்த கீரியும் சேர்ந்து அழித்தது இன்னொரு காரணம். மூன்றாவது காரணம் டி.டி.டி. என்ற பூச்சிக்கொல்லி மருந்து. 1866 முதல் 1868 வரை மலேரியா இந்தத் தீவைச் சூறையாடியது. போர்ட் லூயிஸிலும் தோட்டங்களிலும் பல்லாயிரம் பேர் செத்தார்கள், அவர்களில் நம் ஆட்கள் எத்தனையோ பேர். அந்த மலேரியாவை ஒழிக்க 1940களின் கடைசியில் டி.டி.டி. தெளித்தார்கள். மலேரியா ஒழிந்தது. மருந்து பூச்சியிலிருந்து பல்லிக்கும் பல்லியிலிருந்து வல்லூறுக்கும் ஏறி, முட்டை ஓடு மெலிந்து உடைந்தது. மனிதர்களைக் காப்பாற்றிய மருந்தே பறவையைக் கொன்றது. இதில் குற்றவாளி என்று ஒருவரைக் காட்ட முடியாது, அதனாலேயே இந்தக் கதை எனக்கு முக்கியமாகப் படுகிறது.

1979-ல் கார்ல் ஜோன்ஸ் என்ற வெல்ஷ் உயிரியலாளர் இங்கே வந்தார். கூட்டிலிருந்து முதல் முட்டைகளை எடுத்துவிட்டால் தாய் மறுபடியும் முட்டையிடும். எடுத்ததைச் செயற்கையாகப் பொரித்து, கையால் ஊட்டி வளர்த்து, காட்டில் விட்டார்கள். இன்று சில நூறு வல்லூறுகள் இருக்கின்றன. இளஞ்சிவப்புப் புறா 1990 வாக்கில் காட்டில் பத்துக்குள் சுருங்கியது, அதையும் இப்படித்தான் நூற்றுக்கணக்கில் மீட்டார்கள். இங்கே மட்டும் வாழும் பச்சைக்கிளியும் அப்படியே மீண்டது. டோடோ பறவை அழிந்த ஊர் என்றுதான் உலகம் மொரீஷியஸைப் பேசுகிறது. சாவின் விளிம்பிலிருந்து மூன்று பறவைகளை இழுத்து வந்த ஊரும் இதுதான். உங்கள் நண்பர்களிடம் பேசும்போது இந்த இரண்டாவது கதையைச் சொல்லுங்கள். பயமுறுத்தினால் மக்கள் கேட்டுவிட்டுப் போய்விடுவார்கள். என்ன செய்தால் பலன் கிடைத்தது என்று சொன்னால் நானும் வரட்டுமா என்று கேட்பார்கள்.

பெத்ரேனிலிருந்து திரும்பும் வழியில் க்யூர்பிப் தாவரவியல் பூங்காவில் ஐந்து நிமிஷம் இறங்குங்கள். வேலிக்குள் ஒரு பனை இனத்து மரம் ஒல்லியாக நிற்கும். ஹையோஃபோர்பே அமரிகாலிஸ் என்பது அதன் அறிவியல் பெயர். உலகத்தில் அந்த இனத்தில் தெரிந்தது அந்த ஒரே மரம். ஆண் பூவும் பெண் பூவும் வேறு வேறு சமயத்தில் மலர்வதால் அது தானாகக் காய்த்துப் பெருக வழியில்லை. அங்கே நின்றுவிட்டு வந்த நாளில் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அடுத்து தென்கிழக்கு. மஹேபூர் பக்கத்தில் புவான்த் ஜெரோமிலிருந்து படகில் இல் ஓ எக்ரெட் போகலாம். 26 ஹெக்டேர் பவளச் சுண்ணாம்புத் தீவு, 1965-லிருந்து காப்பிடம். மொரீஷியன் வைல்ட்லைஃப் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு பார்த்துக்கொள்கிறது, வழிகாட்டியோடுதான் சுற்ற முடியும். கரையோரக் கருங்காலிக் காடு எப்படி இருந்தது என்று அங்கேதான் தெரியும். இந்த ஊர் ராட்சத ஆமைகள் அழிந்துவிட்டதால், அவை செய்த வேலையைச் செய்ய சீஷெல்ஸ் நாட்டு அல்டாப்ரா தீவின் ஆமைகளைக் கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். அவை கருங்காலிப் பழத்தைத் தின்று நடந்துபோய் வேறு இடத்தில் விதையைப் போடுகின்றன.

அந்தத் தீவுக்கு எதிரே, புவான்த் தெஸ்னியின் பவளத் திட்டில்தான் 2020 ஜூலை 25-ல் வாகாஷியோ என்ற சரக்குக் கப்பல் மோதி ஏறியது. ஆகஸ்ட் 6-ல் எண்ணெய் கசியத் தொடங்கி, ஏறத்தாழ 1,000 டன் கடலில் கலந்தது. நான் 7-ம் தேதியே மஹேபூர் போனேன். கரும்புத் தோகையை மூட்டை மூட்டையாக லாரியில் கொண்டுவந்து கொட்டினார்கள். துணியைக் குழாய் போலத் தைத்து, அதில் தோகையையும் மிதப்பதற்குக் காலி பிளாஸ்டிக் பாட்டில்களையும் திணித்து, நீளமான தடுப்புகள் செய்தோம். என் பக்கத்தில் உட்கார்ந்து தைத்த கிழவிக்குத் தமிழும் தெரியாது, எனக்குப் போஜ்புரியும் தெரியாது. இந்தத் தீவின் பொதுமொழியான கிரியோலில் பேசிக்கொண்டே தைத்தோம். எந்தக் கரும்புக்காக எங்கள் பாட்டன்மார் காட்டை வெட்டினார்களோ, அதே கரும்பின் தோகையால் கடலைக் காப்பாற்ற முயன்றோம் என்று அன்று இரவு வீட்டுக்கு வந்த பிறகுதான் தோன்றியது. கைவிரலிடுக்கில் எண்ணெய் நாற்றம் மூன்று நாள் போகவில்லை. அதே நாட்களில் ஃபவுண்டேஷன்காரர்கள் அந்தச் சின்னத் தீவிலிருந்து அரிய செடிகளையும் சில பறவைகளையும் படகில் ஏற்றிப் பத்திரப்படுத்தினார்கள். நீங்கள் போகும்போது எண்ணெய்க் கறை இன்னும் இருக்கிறதா என்று அலையாத்திச் செடிகளின் அடிப்பகுதியைக் கவனித்துப் பாருங்கள்.

பறவை பார்க்கும் பழக்கம் இருந்தால் போர்ட் லூயிஸ் ஒட்டிய தேர் ரூஜ் முகத்துவாரம் போதும். உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2001-லிருந்து இருக்கும் சதுப்பு நிலம். அக்டோபரிலிருந்து ஏப்ரல் வரை வடக்கேயிருந்து உள்ளான்கள் வரும். கோடியக்கரையில் இறங்கும் சில இனங்களை இங்கேயும் பார்க்கலாம். கூந்தன்குளத்து மக்கள் பறவைகளைத் தங்கள் வீட்டுப் பிள்ளைகள் போலப் பார்த்துக்கொள்கிறார்களே, அதைப் பற்றி இங்கே உள்ளவர்களிடம் சொல்லுங்கள். நான் சொன்னால் புத்தகத்தில் படித்ததாக நினைப்பார்கள். உங்கள் ஊர் என்றால் நம்பிக் கேட்பார்கள்.

சரி, நம் சாமிகள் இருக்கும் இடங்களுக்கு வருவோம். குவாத்ர போர்னில் கோர் த கார்த் மலையடிவாரத்தில் முருகன் கோயில் இருக்கிறது. தைப்பூசம் இந்த நாட்டில் அரசு விடுமுறை, அன்று அந்தப் படிகளில் கால் வைக்க இடம் இருக்காது. அதே மலையின் மேல்பகுதி இயற்கைக் காப்பிடம், அரிய பூர்வீகச் செடிகள் பாறையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் இடம். வருஷம் தவறாமல் காவடி எடுப்பவர்களிலும் பலருக்கு இது தெரியாது. நான் போகும் சிறிய கோயில் ஒன்றில், தைப்பூசம் முடிந்த மறுநாள் ஆற்றங்கரை முழுக்கப் பிளாஸ்டிக் தம்ளர்கள் கிடக்கும். ஐந்து வருஷம் கூட்டத்தில் எழுந்து சொன்னேன், தலையாட்டிவிட்டு மறந்துவிடுவார்கள். ஆறாவது வருஷம் பேசுவதை விட்டுவிட்டு, நாங்கள் எட்டுப் பேர் சேர்ந்து எவர்சில்வர் தம்ளர்கள் வாங்கி, தண்ணீர்ப் பந்தலில் நாங்களே நின்று கழுவிக் கழுவிக் கொடுத்தோம். இப்போது அந்த வேலையைக் கோயில் இளைஞர்கள் எடுத்துக்கொண்டார்கள். வாழை இலையில் ஏழு கறி போட்டுச் சாப்பிடுகிற நமக்கு இது புதுப் பழக்கமும் இல்லை.

கங்கா தலாவ் பற்றியும் சொல்ல வேண்டும். எரிமலை வாயில் தேங்கிய ஏரி அது, மகா சிவராத்திரிக்குத் தீவே நடந்து போகும் இடம். அங்கே குரங்குகளுக்கு வாழைப்பழம் கொடுப்பதைப் புண்ணியம் என்று பலர் நினைக்கிறார்கள். அனுமாரை நானும் கும்பிடுகிறவன்தான். ஆனால் இந்தக் குரங்கு இந்த மண்ணுடையது அல்ல, சுமார் 400 வருஷத்துக்கு முன் கப்பலில் வந்தது. புறாவின் கூட்டையும் கிளியின் கூட்டையும் சூறையாடுகிறது, காட்டு மரத்தின் காயைப் பழுக்கும் முன்பே பறித்து வீணாக்குகிறது. நாம் ஊட்டி வளர்த்தால் அது இன்னும் பெருகும். பழத்தைச் சாமிக்குப் படைத்துவிட்டு வீட்டுக்கு எடுத்து வாருங்கள் என்று பக்கத்தில் நிற்பவர்களிடம் மெதுவாகச் சொல்லுங்கள். சிலர் கோபப்படுவார்கள். பரவாயில்லை.

பழைய இடங்களில், போர்ட் லூயிஸில் ஆப்ரவாசி காட் என்ற பழைய படித்துறைக்குத் தனியாகப் போங்கள், கூட்டத்தோடு வேண்டாம். 1834-லிருந்து 1920 வரை ஏறத்தாழ 5 லட்சம் ஒப்பந்தக் கூலிகள் இந்த நாட்டுக்கு வந்தார்கள். 1849-லிருந்து இந்தத் துறைதான் அவர்கள் இறங்கிய இடம். சென்னைத் துறைமுகத்திலிருந்து ஏறியவர்களும் அதில் உண்டு. பதினாறு படிகள் இருக்கும், ஒவ்வொன்றாக ஏறுங்கள். 2006-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. அதற்கு வெகு முன்பே, 1730களில், பிரெஞ்சு ஆளுநர் லபூர்தொனே காலத்தில் புதுச்சேரியிலிருந்து கொத்தனார்களும் தச்சர்களும் வந்து துறைமுக நகரத்தைக் கட்டினார்கள். அந்தக் காலத்தில் அடிமையாகக் கொண்டுவரப்பட்ட தமிழர்களும் உண்டு, அதை நம் ஆட்கள் அதிகம் பேசுவதில்லை. மோகாவில் மகாத்மா காந்தி நிறுவனத்தில் குடியேறியவர்களின் பதிவேடுகள் இருக்கின்றன. என் கொள்ளுத்தாத்தாவின் எண்ணை அங்கேதான் கண்டுபிடித்தேன். பெயரை எழுதியவர் தப்பாக எழுதியிருந்தார், ஊர்ப் பெயர் பாதிதான் புரிந்தது. எண் மட்டும் தெளிவாக இருந்தது.

பெயர்ப்பலகை இல்லாத பழைய இடங்கள்தான் எனக்கு இன்னும் நெருக்கம். கரும்புக் காட்டுக்கு நடுவே பாறைகளைக் கோபுரம் போல அடுக்கிய குவியல்களைப் பார்த்திருப்பீர்கள். எரிமலைக் கல் நிறைந்த நிலத்தைப் பயிருக்காகத் திருத்தியவர்கள் கையால் பெயர்த்து அடுக்கியவை அவை. வரப்போரத்தில் ஒரு வேப்பமரம், கீழே மஞ்சள் பூசிய கற்கள், ஒரு காளியம்மன். இயந்திர அறுவடைக்காகவும் வீட்டு மனைகளுக்காகவும் இந்தக் குவியல்களை இப்போது கலைத்துக்கொண்டே போகிறார்கள், கேட்பதற்கு ஆளில்லை. சந்தைக்குப் போனால் காய்கறிக் கூடையிலும் இதே வரலாறு கிடக்கும். பீர்க்கங்காயைப் பிப்பங்காய் என்பார்கள், கறிவேப்பிலையைக் கரிப்புலே என்பார்கள், முருங்கைக் கீரையை பிரெட் முரும் என்பார்கள். எல்லோரும் சொல்கிற கிரியோல் சொற்கள் அவை. யார் கொண்டுவந்த விதை என்று கேட்டுப் பாருங்கள், சிலர் யோசிப்பார்கள்.

லெ மோர்ன் மலைக்கும் ஒருமுறை ஏறுங்கள். 556 மீட்டர், 2008-லிருந்து உலகப் பாரம்பரியச் சின்னம். தப்பியோடிய அடிமைகள் ஒளிந்து வாழ்ந்த இடம். அங்கே பாறை விளிம்பில் மட்டும் இயற்கையாகப் பூக்கும் சிவப்புப் பூ ஒன்று உண்டு, காதணிபோல் தொங்குவதால் புக்ள் தொரெய் என்று பெயர். 1992-லிருந்து இது தேசிய மலர். மனிதர்களும் செடியும் ஒரே பாறையில் ஒளிந்து பிழைத்திருக்கிறார்கள். மற்ற மனிதர் கால் எட்டாத இடம் அது ஒன்றுதான் இருந்தது.

இனி குரல் கொடுப்பது பற்றி. இவ்வளவு இடம் சொன்னேன், ஆனால் இவை அனைத்தையும் ஒவ்வொரு முறை பார்த்துவிட்ட பிறகு ஒரே ஒரு இடத்தைத் தேர்ந்தெடுத்து மாதாமாதம் அங்கேயே போங்கள். அதுதான் என் அனுபவத்தில் உண்மையான வேலை. கிழக்குக் கரையில் சிறிய சதுப்பு நிலம் ஒன்றுக்கு நானும் என் மனைவியும் ஒன்பது வருஷம் போனோம். அதே கல்லின் மேல் நின்று அதே திசையில் படம் எடுத்து, தேதி எழுதி வைத்தோம். ஒருநாள் அங்கே லாரியில் மண் கொண்டுவந்து கொட்டத் தொடங்கினார்கள். இது எப்போதுமே தரிசு நிலம்தான் என்று கொட்டியவர்கள் எழுதிக் கொடுத்தார்கள். எங்களிடம் ஒன்பது வருஷத்துப் படம் இருந்தது, தண்ணீரும் நாணலும் கொக்கும் தெரிய. பாதி நிலம் போனது போனதுதான், மீதிப் பாதி பிழைத்தது. அன்று கையில் அந்தப் படங்கள் இல்லாமல் வெறும் கோபம் மட்டும் இருந்திருந்தால் அந்தப் பாதியும் மிஞ்சியிருக்காது.

சட்டத்தில் மூன்று விஷயங்களைத் தெரிந்து வைத்திருங்கள். உயர் அலைக் கோட்டிலிருந்து 81.21 மீட்டர் அகலக் கரையோர நிலம் அரசுடையது. பிரெஞ்சுக் காலத்திலிருந்து பா ஜியோமெட்ரிக் என்று பெயர். அதைக் குத்தகைக்குத்தான் விட முடியும், மணலில் நடப்பவர்களை யாரும் துரத்த முடியாது. ஆற்றின் இரு கரையிலும் 16 மீட்டர், சிற்றாற்றுக்கு 8 மீட்டர் காப்பு நிலம். பெரிய திட்டம் எதற்கும் சுற்றுச்சூழல் தாக்க அறிக்கை வேண்டும், அதைப் பொதுமக்கள் படித்துக் கருத்து எழுதலாம். இங்கே குடியுரிமை இல்லாத நீங்கள் முன்னால் நின்று கோஷம் போடுவதைவிட, அந்த அறிக்கைகளைப் படித்து, தவறுகளைக் கண்டுபிடித்து உள்ளூர்க்காரர்களிடம் கொடுப்பது பெரிய உதவி. உங்கள் தொழிலுக்கு அந்தப் பொறுமை இருக்கும்.

அப்புறம் வௌவால். நவம்பர், டிசம்பரில் லிச்சியும் மாம்பழமும் பழுக்கும்போது பக்கத்து வீட்டுக்காரர் வௌவாலைத் திட்டுவார். 2015, 2016, 2018 என்று பல முறை அரசே ஆயிரக்கணக்கில் சுட்டுக் கொன்றது. 2018-ல் அது அழியும் ஆபத்தில் உள்ள இனம் என்று அறிவிக்கப்பட்டது. டோடோவும் ஆமையும் போன பிறகு பெரிய பழங்களின் விதையைத் தூரமாகக் கொண்டுபோய்ப் போட இந்தக் காட்டுக்கு எஞ்சியிருக்கும் பெரிய உயிர் அதுதான். விவசாயியின் நஷ்டமும் உண்மை, அதை மறுத்துப் பேசாதீர்கள். மரத்துக்கு வலை போட உதவுங்கள். வலை சரியாகப் போட்ட மரத்தில் பழம் நிற்பதைப் பார்த்த என் மச்சான் அதற்குப் பிறகு துப்பாக்கி பற்றிப் பேசவில்லை.

முதல் ஞாயிறு பெத்ரேனில் தொடங்குங்கள். மழைச்சட்டை எடுத்துக்கொள்ளுங்கள், கீழே ரோஸ் ஹில்லில் வெயில் அடித்தாலும் மேலே மழை இருக்கும். ஒரு பழைய பல் துலக்கும் பிரஷும் கொண்டுபோங்கள். வேலிக்குள் நுழையும் முன் செருப்பின் அடியை நன்றாகத் தேய்த்துவிடுங்கள், கொய்யா விதை அந்த இடுக்கில்தான் ஒட்டிக்கொண்டு உள்ளே போகும்.